பண்ணைக்குட்டையில் பாசி: அறிகுறி பார்த்து வைத்தியம்

பண்ணைக்குட்டையில் பாசி பிடித்தால் நாம் முதலில் செய்வது, உரக்கடைக்குப் போய் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கி வந்து வீசுவதுதான். ஒரு குட்டையில் அது நன்றாகக் கேட்கும். பக்கத்துத் தோட்டத்துக் குட்டையில் ஒரு மாற்றமும் தெரியாது. இன்னொன்றில் பாசியோடு மீனும் சேர்ந்து மிதக்கும். மருந்து ஒன்றுதான், தண்ணீரும் பாசியும் வேறு வேறு. அதனால் மருந்தின் பெயரில் தொடங்காமல், கண்ணில் படும் அறிகுறியில் தொடங்கியிருக்கிறேன். உங்கள் குட்டைக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் சோதனையை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாசனக் குட்டைத் தண்ணீர் அடி தெரிகிற அளவுக்குத் தெளிந்திருக்கத் தேவையில்லை. டிரிப்பரை (சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் சொட்டும் முனை) அடைக்காமல், ஆடு மாட்டுக்குக் கேடு செய்யாமல், பயிருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். கொஞ்சம் பச்சை இருந்துவிட்டுப் போகட்டும். அழகுக்காகப் பாசியை ஒழிக்கக் கிளம்பினால் செலவுக்கு முடிவே கிடையாது.

## முதலில் ஒரு குச்சி, ஒரு பாட்டில்

நீளமான குச்சியை விட்டுக் கிளறித் தூக்குங்கள். நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் இழைப்பாசி. இழை எதுவும் இல்லாமல், குச்சியைப் பச்சைப் பெயிண்டில் முக்கி எடுத்தது போலப் பூசிக்கொண்டு வந்தால் நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். தண்டும் கிளையுமாக அடிமண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தால் அதற்குத் தனி வழி, பின்னால் வருகிறது.

தண்ணீர் முழுக்கப் பச்சை, குச்சியில் பிடிபட ஒன்றுமில்லை என்றால் பாட்டில் சோதனை. மேலே மிதக்கும் படலத்தை விலக்கிவிட்டு, சற்றுக் கீழிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு மொண்டு மூடி, ஃபிரிட்ஜில் ஆட்டாமல் ஓர் இரவு வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாட்டிலின் மேல் என்னவென்று எழுதி ஒட்டிவிடுங்கள், வீட்டில் யாராவது எடுத்துக் குடித்துவிடப் போகிறார்கள். காலையில் பச்சையெல்லாம் அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரணப் பச்சைப்பாசி. மேலே வளையமாகத் திரண்டு மிதந்தால் நீலப்பச்சைப்பாசி என்றே வைத்துக்கொண்டு நடங்கள். அதில் விஷம் இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும்.

## குட்டை பரவாயில்லை, ஆனால் ஃபில்டரும் டிரிப்பரும் அடைக்கின்றன

பாசிப் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான் என்பது என் எண்ணம். இதற்குக் குட்டையில் மருந்து போட வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருப்பதில்லை.

ஃபுட்வால்வு (மோட்டார் உறிஞ்சும் குழாயின் முனையில் உள்ள வால்வு) எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். அடிச் சேற்றில் கிடந்தால் வண்டலையும் அழுகிய பாசியையும் உறிஞ்சும். மேற்பரப்புக்கு ஒட்டி இருந்தால் மிதக்கும் பாசி அத்தனையும் குழாய்க்குள் வரும். இரண்டுக்கும் நடுவில், மேல்மட்டத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடி கீழே இருப்பதுதான் நல்ல இடம். காலி பிளாஸ்டிக் கேன் இரண்டைக் கட்டி ஃபுட்வால்வைத் தொங்கவிட்டால், தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் அந்த ஆழம் மாறாது. உறிஞ்சும் குழாய் மட்டும் வளையக்கூடிய ஹோஸாக இருக்க வேண்டும்.

காற்றுப் போகிற திசையையும் கவனியுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கும் பல்லடம், உடுமலைப் பக்கங்களில் மிதக்கும் பாசி எல்லாம் கிழக்குக் கரையில் ஒதுங்கும். மோட்டார் வசதிக்காக ஃபுட்வால்வை அந்த மூலையிலேயே போட்டிருந்தால், குட்டையின் மொத்தப் பாசியையும் ஃபில்டர்தான் வாங்கும்.

அப்புறம் ஃபில்டர். ஹைட்ரோசைக்ளோன் மாட்டியிருக்கிறோமே என்பார்கள். அது கனமான மணலைச் சுழற்றிக் கீழே தள்ளும் கருவி. பாசிக்குக் கனம் கிடையாது; நேராக வெளியே போய்விடும். போர்வெல்லுக்கு வைத்த அமைப்பை அப்படியே குட்டைக்குத் திருப்பியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஸ்க்ரீன் ஃபில்டரும் தனியாகத் தாங்காது. பாசி வழவழப்பானது, அழுத்தம் கூடினால் நசுங்கி வலைக் கண் வழியாகவே நழுவிப் போய்விடும். குட்டைத் தண்ணீருக்கு முதலில் சாண்ட் ஃபில்டர், அதற்குப் பின் டிஸ்க் அல்லது ஸ்க்ரீன் என்பதுதான் முறை. சாண்ட் ஃபில்டருக்குப் பணம் இல்லையென்றால், குறைந்தபட்சம் ஸ்க்ரீனுக்குப் பதில் டிஸ்க் போடுங்கள்.

ஃபில்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பிரஷர் கேஜ் அவசியம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவைத் தொட்டால் பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவ வேண்டும். 'வாரம் ஒரு தடவை' என்று நாள் வைத்துக்கொள்வது பாசிக் காலத்தில் உதவாது. மாசியில் வாரம் ஒரு முறை போதுமாக இருந்த குட்டைக்குச் சித்திரையில் தினம் இரண்டு முறை தேவைப்படலாம்.

டிரிப்பரைப் பிரித்தால் உள்ளே பழுப்பாக வழவழவென்று இருக்கிறதா? அது பாசியாக இருக்க வழியில்லை. டிரிப்பர் மாட்டிய கறுப்புக் குழாயான லேட்டரலுக்குள் வெளிச்சம் புகாது, வெளிச்சம் இல்லாமல் பாசி வளராது. ஃபில்டரைத் தாண்டி வந்த பாசித் துணுக்குகளைத் தின்று பாக்டீரியா கட்டுகிற சளி அது. துரு நிறத்தில் இருந்தால் போர்வெல் தண்ணீரில் உள்ள இரும்பும் அதைத் தின்னும் பாக்டீரியாவும் காரணம். மண்ணுக்கு மேலே வெயிலில் கிடக்கும் வெள்ளை பி.வி.சி. குழாய்க்குள் மட்டும் பாசி வளரும், ஏனென்றால் அதன் சுவர் வழியாக வெளிச்சம் ஓரளவு உள்ளே போகும். அதைப் புதையுங்கள், அல்லது கறுப்பு பெயிண்ட் அடியுங்கள்.

சளிக்கு வைத்தியம் குளோரின். முதலில் லேட்டரல்களுக்குத் தண்ணீர் பிரிக்கும் சப்மெயின் குழாயின் வால்வையும் லேட்டரல் கடைசி மூடிகளையும் திறந்து, கலங்கல் போய்த் தெளிவாக வரும் வரை ஓட்டுங்கள். பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட்டை வென்சுரியில் (கரைசலைப் பாசனக் குழாய்க்குள் உறிஞ்சிவிடும் கருவி) கொடுங்கள். தண்ணீரில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் குளோரின், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். கணக்கு எளிது: மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் தள்ளுகிறது, கேனில் இருப்பது 10 சதவீதக் கரைசல் என்றால், மணிக்கு ஒரு லிட்டர் கரைசல் போனால் 10 மில்லிகிராம் கிடைக்கும். கடைசி டிரிப்பரில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமாவது மிச்சம் தெரிய வேண்டும். நீச்சல் குளத்துக்கு விற்கும் சோதனைப் பட்டையே போதும். அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றால் நடுவழியிலேயே அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டது என்று பொருள்.

பிளீச்சிங் பவுடர் மலிவுதான். அதில் உள்ள சுண்ணாம்பு டிரிப்பரில் படிந்து வேறு அடைப்பைக் கொண்டுவரும், உப்புத் தண்ணீர்க்காரர்கள் அதைத் தொடவே வேண்டாம். சுண்ணாம்புப் படிவுக்கு ஆசிட் விடுகிறவர்கள் அதைக் குளோரினோடு ஒரே நாளில் விடாதீர்கள். இரண்டும் கலந்தால் எழும் குளோரின் வாயு ஆளையே சாய்த்துவிடும். யூரியா, அம்மோனியம் உரம், ஜீவாமிர்தம் எதையும் அன்றைக்கு வென்சுரியில் விட வேண்டாம்.

## நூல் நூலாகத் திரண்டு மெத்தையாக மிதக்கிறது

இழைப்பாசி அடியில் முளைக்கிறது. வெயிலில் அது விடும் ஆக்சிஜன் குமிழிகள் இழைகளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும். அதனால்தான் மதியம் மிதப்பது இரவில் ஓரளவு அமிழ்ந்துவிடுகிறது. 'நேற்று இல்லை, இன்றைக்கு முளைத்துவிட்டது' என்பது அப்படித்தான். அடியில் பல நாளாக வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

இதற்கு ஆள் வேலைதான் சரி. இரண்டு கரையிலும் ஆள் நின்று, பழைய நிழல்வலையையோ மீன்வலையையோ கயிற்றில் கட்டி, பாசி மிதக்கும் மதிய நேரத்தில் இழுத்தால் 20, 25 சென்ட் குட்டையை அரை நாளில் வழித்துவிடலாம். வழித்ததைக் கரையில் குவித்துவிட்டுப் போகாதீர்கள். அழுகும்போது அதிலிருக்கும் சத்து, அடுத்த மழையில் அப்படியே குட்டைக்குள் இறங்கும். எருக்குழியில் போடுங்கள், நல்ல எரு. ஒரு துண்டும் விடாமல் எடுக்க முடியாது. மூன்று நான்கு வாரத்தில் மீண்டும் வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் குட்டையிலிருந்து கொஞ்சம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. மருந்து போட்டுக் கொன்றால் அது அங்கேயே அழுகி மறுபடி தண்ணீருக்குத்தான் திரும்பும்.

கையில் எடுத்தால் வழவழப்பே இல்லாமல், ஈரப் பஞ்சு போலச் சொரசொரவென்று இருக்கும் ஒரு வகை உண்டு. மயில்துத்தம் அதற்குச் சரியாகக் கேட்காது. வலைதான்.

## தண்ணீர் முழுக்கப் பச்சை

கரையிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். ஓர் அடிக்குக் கீழேயும் தட்டு தெரிந்தால் பதற வேண்டாம், ஃபில்டரைக் கவனித்தால் போதும். அரை அடியிலேயே மறைந்தால் பாசி மிஞ்சிப் போய்விட்டது. சேற்றுக் கலங்கலிலும் தட்டு மறையும், ஆனால் அது செம்மண் நிறத்தில் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல். கலங்கலான குட்டையில் வெளிச்சம் உள்ளே போகாததால் பாசி அடங்கி இருக்கும். தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே என்று படிகாரம் போட்டுத் தெளிய வைத்தால், இரண்டு வாரத்தில் பச்சை ஏறிவிடலாம். படிகாரம் பாஸ்பரஸையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து சத்து வந்துகொண்டே இருக்கும் குட்டையில் அந்தப் பலன் நிற்காது.

இந்தப் பாசியை வலையால் வழிக்க முடியாது. சாண்ட் ஃபில்டரும், சத்து வரும் வழியை அடைப்பதும்தான் நிரந்தர வழி. வெள்ளிக்கெண்டை மிதக்கும் நுண்பாசியை வடித்துத் தின்னும். புல்கெண்டை செடி தின்கிற மீன், பச்சைத் தண்ணீரை அது தெளிய வைக்காது. இரண்டில் எதை விட்டாலும் தீவனம் போட ஆரம்பித்தால் கதை முடிந்தது. தீவனத்துச் சத்தில் பெரும்பங்கு தண்ணீரில்தான் போய்ச் சேர்கிறது. பாசனக் குட்டையை மீன் குட்டையாகவும் நடத்தினால் பச்சைத் தண்ணீரைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மருந்து தெளிக்கத் தண்ணீர் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாசி பகலில் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால், பிற்பகலில் கார அமிலநிலை (pH) 9-க்கு மேலும் போகும். அந்தத் தண்ணீரில் சில பூச்சிமருந்துகள் டேங்கிலேயே வீரியம் இழக்கும். தெளிப்புத் தண்ணீரை விடியற்காலையில் மொண்டு வையுங்கள்.

## மேலே திக்கான பச்சைப் படலம், கெட்ட நாற்றம்

பாட்டில் சோதனையில் மேலே வளையம் கட்டியதா? அப்படியானால் முதல் வேலை ஆடு, மாடு, நாய் எதுவும் இறங்கிக் குடிக்காமல் குட்டையை அடைப்பது. சில நீலப்பச்சைப்பாசிகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். கால்நடைகள் இதைக் குடித்துச் செத்தது உலகின் பல பகுதிகளிலும் பதிவாகியிருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

இந்த நேரத்தில் மயில்துத்தம் போடாதீர்கள். செல் உடைந்தால் உள்ளே இருந்த நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் கலந்துவிடும். படலம் ஒதுங்கிய கரைக்கு எதிர்க்கரையிலிருந்து, ஆழத்திலிருந்து தண்ணீர் எடுங்கள். மண்ணில் சொட்டுகிற பாசனம் பரவாயில்லை. கீரை, கொத்தமல்லி போல இலையை அப்படியே சாப்பிடும் பயிருக்குத் தெளிப்பு நீர் வேண்டாம். வேறு கிணறு இருந்தால் அவற்றை அதற்கு மாற்றிவிடுங்கள். படலம் கலைந்த பிறகும் சில வாரம் கால்நடையைத் தள்ளி வைப்பது நல்லது.

## மயில்துத்தம் போட்டேன், ஒன்றுமே ஆகவில்லை

தண்ணீரின் காரத்தன்மைதான் இதற்கு விடை. தாமிரம் கரைந்த நிலையில் இருந்தால்தான் பாசியைக் கொல்லும். கார்பனேட், பைகார்பனேட் அதிகமுள்ள தண்ணீரில் அது உடனே கார்பனேட்டாகி அடியில் இறங்கிவிடும். கொங்குப் பகுதியிலும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும் போர்வெல் தண்ணீரைக் குட்டையில் தேக்குபவர்களில் பலருக்கு இதுதான் நடக்கிறது. மழைத் தண்ணீர் மட்டும் தேங்கிய குட்டையில் தலைகீழ்: காரத்தன்மை மிகக் குறைவு, அதே அளவு மருந்து மீனைக் கொன்றுவிடும்.

வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண் பரிசோதனை நிலையத்திலோ பாசன நீரைச் சோதித்தால், கார்பனேட்டும் பைகார்பனேட்டும் லிட்டருக்கு எத்தனை மில்லிஈக்விவலண்ட் என்று தருவார்கள். இரண்டையும் கூட்டி 50-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் மில்லிகிராமில் காரத்தன்மை. அது 50-க்குக் கீழே என்றால் மீன் உள்ள குட்டையில் மயில்துத்தம் கூடாது. 250-க்கு மேல் என்றால் காசுக்குக் கேடு. இடையில் இருந்தால், அந்த எண்ணை 100-ஆல் வகுத்தால் வருவதுதான் ஒரு கன மீட்டர் தண்ணீருக்குப் போட வேண்டிய கிராம்.

ஒரு உதாரணம். மேலே 30-க்கு 30 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்று: நிறைந்திருந்தால் சுமார் 1,200 கன மீட்டர். சோதனையில் 3 மில்லிஈக்விவலண்ட் வந்தால் காரத்தன்மை 150, அளவு 1.5 கிராம், மொத்தம் 1.8 கிலோ. நிறைந்த குட்டைக்கான கணக்கு இது. பங்குனியில் பாதி வற்றியிருந்தால், அன்றைக்கு உள்ள தண்ணீரை அளந்து மறுபடி கணக்குப் போடுங்கள்.

அந்த 1.8 கிலோவை ஒரே நாளில் போடக் கூடாது. குட்டையில் மூன்றில் ஒரு பகுதிக்கு 600 கிராம், அடுத்த பகுதிக்கு 10, 12 நாள் கழித்து. போர்டோ கலவை தயாரித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், இரும்பு வாளி ஆகாது, பிளாஸ்டிக்தான். கரைத்து, நல்ல வெயில் உள்ள நாளில் காலையில் பாசியின் மேல் படும்படி தெளியுங்கள். கையுறையும் கண்ணாடியும் வேண்டும்.

பாசனத்துக்கான தண்ணீரில் தாமிரம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வரம்பு. மயில்துத்தத்தில் கால் பங்கு தாமிரம். ஆகவே போட்ட இடத்தில் சில நாள் தண்ணீர் எடுக்க வேண்டாம், நாற்றங்காலுக்கு ஒரு வாரமாவது விடவே வேண்டாம். செம்மறி ஆட்டுக்குத் தாமிரம் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது. கிடை போடுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது

ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. பகலில் பாசி ஆக்சிஜனைக் கொடுக்கிறது, இரவில் அதுவும் மூச்சு விடுகிறது. மேகமூட்டமான இரண்டு மூன்று நாளுக்குப் பின்னாலும், மருந்து போட்டுப் பாசி மொத்தமாகச் செத்த பிறகும் இது வரும். மோட்டாரைப் போட்டு, தண்ணீரை உயரத்திலிருந்து அதே குட்டைக்குள் சிதறி விழும்படி விடுங்கள். தீவனத்தை நிறுத்துங்கள். ஏரேட்டர் உள்ளவர்கள் நள்ளிரவிலிருந்து காலை வரை ஓட்டினால் போதும், பகலில் அவசியமில்லை.

## பாசி மாதிரி இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி

அடியில் செடியாக நின்று, தொட்டால் மணல் ஒட்டியது போல நெறுநெறுத்து, பூண்டு வாடை அடித்தால் அது காரா. பாசிதான், ஆனால் கடினத் தண்ணீரில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு வளர்வது. ஃபில்டருக்குப் பெரிய தொந்தரவு தராது. ஃபுட்வால்வைச் சுற்றி மட்டும் வழித்துவிட்டு விட்டுவிடலாம்.

மேலே சிவப்புப் படலம் இருந்தால் கையில் அள்ளிப் பாருங்கள். குட்டி இலையும் வேரும் தெரிந்தால் அசோலா. வெயில் தாங்காமலோ பாஸ்பரஸ் போதாமலோ சிவந்திருக்கிறது. அள்ளி மாட்டுக்குப் போடுங்கள். இலை எதுவும் இல்லாமல், காலையில் பச்சையாகவும் உச்சி வெயிலில் செங்கல் நிறமாகவும் மாறினால் யூக்ளினா வகை. சாணமும் எருவும் கழுவி வரும் குட்டையில்தான் அதிகம் வரும்.

## வழித்தாலும் வருகிறது, வருடா வருடம் வருகிறது

கார்த்திகையில் நிறைந்து தை, மாசியில் பச்சை ஏறுகிற குட்டைக்கு, சத்து மழைத் தண்ணீரோடுதான் வந்திருக்கிறது. டி.ஏ.பி. போட்ட வயல், மாட்டுக் கொட்டகை, கோழி எருக் குவியல் எது வாய்க்காலுக்கு மேட்டில் இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். நாமக்கல் கோழி எருவை லாரியில் இறக்கி வாய்க்கால் ஓரத்தில் குவித்து வைக்கும் பழக்கம் ஒன்று போதும், குட்டை வருடம் முழுக்கப் பச்சையாக இருக்க. முதல் மழையின் கழுவுத் தண்ணீரைக் குட்டைக்குள் விடாமல் மாற்று மடை வழியாக வெளியே விட்டு, இரண்டாம் மழையிலிருந்து பிடியுங்கள். மழை பொய்க்கும் ஊரில் இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும். அங்கே வாய்க்கால் முகப்பில் ஒரு வண்டல் குழி வெட்டி, வாய்க்காலில் பத்துப் பதினைந்து அடிக்கு அடர்த்தியாகப் புல் விட்டால் பாதிப் பலனாவது கிடைக்கும்.

குட்டைக்குள்ளேயே ஜீவாமிர்தம், சாணக் கரைசல் ஊற்றினால் பாசி போகும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பாசிக்கு உரம். வைக்கோல் போடுவது இங்கிலாந்திலிருந்து வந்த யோசனை. அங்கே பார்த்தது பார்லி வைக்கோலை. இருக்கும் பாசியை அது கொல்லாது, புதிதாக வருவதைக் குறைக்கலாம். நெல் வைக்கோலைக் கட்டுக் கட்டாகப் போட்டால் அழுகி ஆக்சிஜனைத்தான் குறைக்கும்.

ஆழம் உதவும். மூன்று அடிக்குக் குறைந்த தண்ணீரில் அடி வரை வெளிச்சம் போய், அடியெல்லாம் பாசி முளைக்கும். ஒரே அளவு தண்ணீரை அகலமாகத் தேக்குவதைவிட ஆழமாகத் தேக்கினால் ஆவியாதலும் குறையும். கறுப்பு பாலித்தீன் தாள் விரித்த சிறு குட்டைக்கு மேல் நிழல்வலை கட்டலாம். வெளிச்சத்தை மறைக்கிற யோசனையில் பெரிய அளவும் உண்டு: லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2015-ல் ஒரு நீர்த்தேக்கத்தின் மேல் 9.6 கோடி கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டது. நமக்கு நிழல்வலையே கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். 22 சென்ட் குட்டைக்குக் கட்டுப்படியாவது சந்தேகம்தான்.

கோடையில் குட்டை வற்றும்போது அடி வண்டலை வாரிவிடுங்கள். பல வருடச் சத்து அதில் உட்கார்ந்திருக்கிறது, அடியில் ஆக்சிஜன் தீரும்போதெல்லாம் பாஸ்பரஸைத் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. வாரிய வண்டல் வயலுக்கு நல்லது. வருடக்கணக்காக மயில்துத்தம் போட்ட குட்டையாக இருந்தால் மட்டும், வயலில் பரப்புவதற்கு முன் ஒரு பிடி வண்டலை எடுத்துத் தாமிரம் எவ்வளவு என்று சோதித்துவிடுங்கள்.